மஞ்சள் பொத்தான்

அந்த வீட்டில் கணினி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. செருப்பு அலமாரிக்கு மேலே, கரண்டு மீட்டருக்குப் பக்கத்தில், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அவ்வளவுதான். அதற்கு முகம் ஹாலில் இருக்கிற டிவி. கை, டீப்பாய் மேல் கிடக்கிற ரிமோட். கேஸ், மோட்டார், போன், பேங்க், வாசல் கதவு எல்லாம் அந்தப் பெட்டியின் பொறுப்பு. "சேனல் மாத்தத் தெரியுமா மேடம், அது போதும், வீட்டையே ஆளலாம்" என்று இனிக்க இனிக்கப் பேசித்தான் இல்லத்துணை கம்பெனிக்காரன் அதை உமாராணியின் தலையில் கட்டிவிட்டுப் போனான். திருச்சி கே.கே. நகரில் அந்த அடுக்குமாடியில் இப்போது அது இல்லாத வீடே கிடையாது.

ரிமோட்டில் நம்பர்கள் இல்லை. மூன்றே மூன்று பொத்தான். யார் அழுத்துகிறார்கள் என்று விரலைத் தொட்டே தெரிந்துகொள்ளும். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் வேண்டாம். வேறு ஊர்களில் அந்த இரண்டோடு சரி. இங்கே விற்க வந்தபோதுதான் கம்பெனிக்கு ஒரு சங்கடம் வந்தது. நம் ஜனங்கள் யாருமே சிவப்பை அழுத்தவில்லை. கல்யாணத்துக்கு வசூல், சீட்டு, இன்சூரன்ஸ், மாடி வீட்டு அம்மாள் கேட்கிற கடன், எது திரையில் வந்து நின்றாலும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்று சொல்லிப் பழகாத கை, ரிமோட்டில் மட்டும் எப்படிச் சொல்லும்? கம்பெனி ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, நமக்கென்றே மூன்றாவதாக ஒரு மஞ்சள் பொத்தான் வைத்துக் கொடுத்தது. அதில் எழுதியிருந்தது: 'கேட்டுச் சொல்றேன்.'

அடேயப்பா, அந்தப் பொத்தான் பட்ட பாடு. உமாராணி வீட்டில் அதன் மேலிருந்த எழுத்தே தேய்ந்து போயிற்று. அவள் அழுத்தினால், 'அவரைக் கேட்டுச் சொல்றேன்' என்று கேள்வி கணவர் ஜெகதீசன் பேருக்குப் போகும். அவர் அழுத்தினால், 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்று இவள் பேருக்கு வரும். கேட்கிறதாவது, சொல்கிறதாவது. அதற்கு அர்த்தம் என்னவென்று இந்த ஊரில் பால்காரரிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது எங்கேயோ கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அந்தப் பெட்டிக்கு மூளை எழுதினவர்களுக்கு மட்டும்தான். அவர்கள் நிஜமாகவே கேட்டுச் சொல்கிறார்கள் என்று நம்பிவிட்டார்கள்.

இந்த லட்சணத்தில் ஒரு சட்டம் வந்தது. டிவி வழியாகவே வயசானவர்களிடம் நைச்சியமாகப் பேசி வீடு நிலம் எழுதி வாங்கின கூட்டம் ஒன்று பிடிபட்டதிலிருந்து, ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களைக் கணினி இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள். சொந்தமாக முடிவெடுப்பவர் பொறுப்பாளர். எதற்கும் இன்னொருவரைக் கேட்பவர் பாதுகாக்கப்படுபவர். பாதுகாக்கப்படுபவர் வாசலைத் தாண்ட, வெளியே போன் பேச, காசு அனுப்ப, அவருடைய பொறுப்பாளர் பச்சை அழுத்த வேண்டும். கேட்க நல்லதாகத்தான் இருந்தது. படித்துப் புரிந்துகொண்டீர்களா என்று டிவியில் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சீரியல் போய்விடுமே என்று உமாராணி ஒவ்வொரு தடவையும் மஞ்சளைத் தட்டினாள். கிரிக்கெட் போய்விடுமே என்று ஜெகதீசனும் தட்டினார்.

சட்டம் அமலுக்கு வந்த அன்றைக்குக் காலையில்தான் லால்குடி அண்ணன் மகள் இந்துமதியின் அழைப்பு வந்தது. உமாராணிக்கு ஒரே அண்ணன், தங்கதுரை. அப்பா ஸ்தானத்தில் இருந்து அவளைப் படிக்க வைத்து, நகை போட்டுக் கட்டிக் கொடுத்தவர். ராத்திரி நெஞ்சுவலி வந்து திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மத்தியானம் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "உங்களைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்னு அப்பா அடம்புடிக்கிறாரு அத்தை. சீக்கிரம் வாங்க" என்றாள் இந்து. உமாராணி கையில் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு, சாமி மாடத்திலிருந்து திருநீறு எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கதவு திறக்கவில்லை. பின்னால் டிவி தானாக ஒளிர்ந்தது.

'உமாராணி வெளியே செல்ல ஜெகதீசனின் அனுமதி தேவை.'

அந்த அவசரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் அனுமதி கொடுத்து நான் போகிறேனா, நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டாள். ஜெகதீசன் கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாதுவான மனிதர். அன்றன்றைக்குப் போடுகிற சட்டைகூட அவள் எடுத்து வைப்பதுதான். அவர் ஷேவ் பண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து பச்சையை அழுத்தினார்.

'ஜெகதீசன் அனுமதி வழங்க உமாராணியின் அனுமதி தேவை.'

அவள் ரிமோட்டைப் பிடுங்கிப் பச்சையை அழுத்தினாள்.

'உமாராணி அனுமதி வழங்க ஜெகதீசனின் அனுமதி தேவை.'

இப்படியே அவரும் அவளும் மாறி மாறி அழுத்தினார்கள். ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினார்கள். பேட்டரியைக் கழற்றிப் புரட்டிப் போட்டார்கள். திரையில் இரண்டு பேர் பெயரும் இடம் மாறிக்கொண்டே இருந்ததே தவிர, கதவு அசையவில்லை. உமாராணிக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

இன்டர்காமில் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். இரும்புக் கதவு, உடைக்க வேண்டுமென்றால் அசோசியேஷன் செகரட்டரி சொல்ல வேண்டும் என்றான். செகரட்டரி ரொம்பப் பரிவாகப் பேசினார், நாலு மெம்பரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அதோடு அவர் கதை முடிந்தது. தீப்பிடித்தால் கதவு தானே திறக்கும் என்பது ஜெகதீசனுக்கு ஞாபகம் வந்தது. நாற்காலி மேல் ஏறி, புகை கண்டுபிடிக்கிற குமிழுக்குக் கீழே தட்டில் சூடத்தைக் கொளுத்திக் காட்டினார். அது கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளி செவ்வாய் தவறாமல் இந்த வீட்டில் சூடம் ஏற்றி ஏற்றி, அது பூஜை என்று பெட்டிக்குப் பழகிவிட்டிருந்தது. போலந்தில் இருக்கிற மகன் ரகுவையாவது பொறுப்பாளராகச் சேர்க்கலாமா என்று பார்த்தார்கள். போன மாதமே அந்தக் கேள்வி வந்து, மஞ்சள் அழுத்தப்பட்டு, இன்றுவரை கேட்டுச் சொல்லப்படாமல் நிலுவையில் இருந்தது.

பாதுகாக்கப்படுபவர்கள் தாங்களாகப் பேசக்கூடிய வெளி எண் ஒன்றே ஒன்றுதான், கம்பெனி உதவி மையம். பாட்டும் விளம்பரமுமாக வெகுநேரம் காத்திருந்த பிறகு டிவியில் ஒரு பெண் வந்தாள். ஜெபசெல்வி என்று பேர் சொன்னாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. காலையிலிருந்து எல்லா வீட்டிலும் இதே கதைதான் போல.

"உங்க வீட்ல பொறுப்பாளரே இல்ல மேடம். சார் உங்களைக் கேட்டுதான் எதுவும் செய்வாரு, நீங்க சாரைக் கேட்டுதான் செய்வீங்கன்னு பதிவாகியிருக்கு. ரெண்டு பேருமே பாதுகாக்கப்படுறவங்க. யார் பச்சை அழுத்தினாலும் செல்லாது."

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. நீயும் இந்த ஊர்ப் பொண்ணுதானே, உனக்குத் தெரியாதா?" என்றாள் உமாராணி.

"எனக்குத் தெரியுது மேடம். அதுக்குத் தெரியாதே" என்றாள் அந்தப் பெண்.

புகார் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் ஆள் வந்து பார்ப்பார்கள் என்றாள். இரண்டு நாள் என்றதும் உமாராணி பொட்டென்று சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணன், ஆபரேஷன், பாதிக்குப் பாதி என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஜெபசெல்வி குரலைத் தாழ்த்தி இன்னொரு வழி சொன்னாள்.

"ஒருத்தர் வேணாம்னு சிவப்பு அழுத்தணும். இன்னொருத்தர் அதை மீறிப் பச்சை அழுத்தணும். அப்படி ஒரு தடவை நடந்துட்டா, மீறினவங்க சொந்தமா முடிவெடுக்கிறவங்கதான்னு அது ஒத்துக்கும், பொறுப்பாளர் ஆக்கிடும். அப்புறம் அவங்களே இன்னொருத்தரையும் விட்டுடலாம். ஆனா நிஜமா இருக்கணும் மேடம். ரிமோட்டுக்கு உங்க நாடி தெரியும். நடிச்சா எடுத்துக்காது."

இவ்வளவுதானா என்று இரண்டு பேரும் எழுந்தார்கள். ஜெகதீசன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, போகக்கூடாது என்று அதட்டிச் சிவப்பை அழுத்தினார். போவேன் என்று அவள் பச்சையை அழுத்தினாள்.

'உண்மையான மறுப்பு பதிவாகவில்லை.'

இன்னும் கோபமாகச் சொல்லச் சொன்னாள். சொன்னார். காப்பி ஆறிப்போனதை, அவருடைய தங்கை வளைகாப்புக்கு அவள் லேட்டாக வந்ததை, புளி அதிகமானதை எல்லாம் ஞாபகப்படுத்திக் கோபத்தை வரவழைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் தன்னிடம் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் அவரை ரொம்பக் கண்டிப்பானவர் என்று நினைத்துக்கொண்டிருந்தது. கடன் கேட்டவர்களுக்கு, விருந்துக்கு அழைத்தவர்களுக்கு, கூட வந்து தங்குகிறேன் என்றவர்களுக்கு எல்லாம், அவர் ஒத்துக்கலை என்று அவள்தான் சொல்லியிருந்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. அவள் கூண்டில் அடைத்த எலி மாதிரி ஹாலுக்கும் கதவுக்கும் நடந்தாள்.

அப்போதுதான் இந்துவின் அழைப்பு மறுபடி வந்தது. உள்ளே வருகிற அழைப்புக்குத் தடை இல்லை. டிவி அதை எடுத்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி ஒலித்தது.

"இன்னுமா கெளம்பல அத்தை? மாமா விடமாட்டேங்குறாரா? அப்பா அப்படித்தான் சொல்றாரு. 'அன்னிக்கு எம்பொண்ணை வேணாம்னாரு மாப்பிள்ளை, இன்னிக்கு எந்தங்கச்சிய அனுப்பமாட்டேங்குறாரு, அவர் மனசு கல்லு'ன்னு சொல்லி அழுவுறாரு. எப்படியாவது வந்துருங்க அத்தை."

உமாராணி எட்டி ரிமோட்டை எடுப்பதற்குள் அத்தனையும் சொல்லி முடித்துவிட்டாள். அழைப்பு நின்றது. ஜெகதீசன் துண்டால் முகத்து நுரையை மெதுவாகத் துடைத்தார்.

"மச்சான் நம்ம ரகுவுக்கு இந்துவைக் கேட்டாரா?" என்றார்.

அவள் ரிமோட்டை மெதுவாக டீப்பாய் மேல் வைத்தாள்.

பதினோரு வருஷமாக அவருக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. மச்சானும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகப் பழகினவர்கள். ஒருநாள் திடீரென்று மச்சான் பேச்சை நிறுத்திக்கொண்டார். கல்யாண வீடுகளில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ன தப்புப் பண்ணினேன் என்று உமாராணியிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு வயசாகுது, ஏதோ கோபம், விடுங்க என்பாள் அவள். பலாப்பழமும் மஞ்சள் கொத்தும் மட்டும் வருஷம் தவறாமல் தங்கச்சிக்கு வந்துகொண்டிருந்தன.

நடந்தது இதுதான். அண்ணன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வாய் நிறைய முறைப்பெண் சம்பந்தம் கேட்டார். இந்து அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பாவின் அரிசி மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உமாராணிக்கு இன்ஜினியர் மருமகள் வேண்டியிருந்தது. அவரைக் கேட்டுச் சொல்றேண்ணே என்றாள். ஒரு வாரம் கழித்து, அவர் வேணாம்னுட்டாருண்ணே, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாள். ரகு பிறகு அவன் பாட்டுக்குப் போலந்திலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். இந்து இன்னும் மில்லில்தான் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

ஜெகதீசன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சோபா நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நானும் வரேன் உமா. மச்சான் உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடணும். நான் வேணாம்னு சொல்லலை, எனக்குத் தெரியவே தெரியாதுன்னு. அது போதும் எனக்கு."

 அண்ணன் நெஞ்சு இருக்கிற நிலையில் இதையெல்லாம் பேசலாமா, பிழைத்து எழுந்து வரட்டும், சாவகாசமாகச் சொல்லலாம் என்றாள். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அவள் பயந்தது அண்ணனின் நெஞ்சுக்காக மட்டும் இல்லை. உலகத்தில் தன்னைக் குறையே இல்லாதவளாகப் பார்க்கிற கண் ஒன்றுதான் இருக்கிறது. அது மூடிப்போனாலும் அப்படியே பார்த்தபடி மூடட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"எழுந்து வரலைன்னா?" என்றார் அவர். "மாப்பிள்ளை மனசு கல்லுன்னு நெனச்சுக்கிட்டே அவர் போயிடணுமா?"

அவள் திருநீற்றுப் பொட்டலத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"சரி, நான் சொல்லலை. நீயே சொல்லு. சொல்றேன்னு சொல்லிட்டுப் போ."

அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. அவர் அவளையே பார்த்தார். பிறகு டீப்பாய் மேலிருந்த ரிமோட்டை எடுத்தார்.

"அப்ப நீ போக வேணாம்."

கட்டைவிரலால் சிவப்பை அழுத்தினார். டிவி ஒரு மணி அடித்தது. 'மறுப்பு பதிவானது' என்று வந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் தன் வாயால் ஒரு வேண்டாம் சொல்லியிருந்தார்.

உமாராணி அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். பிடுங்கவில்லை, அவரும் இறுக்கிப் பிடிக்கவில்லை. பச்சையை அழுத்தினாள். வாசலில் தாழ் விலகுகிற சத்தம் கேட்டது.

'உமாராணி: பொறுப்பாளர். ஜெகதீசன்: பாதுகாக்கப்படுபவர். ஜெகதீசனும் வெளியே செல்லலாமா?'

கீழே பச்சை, சிவப்பு இரண்டுதான் ஒளிர்ந்தன. பொறுப்பாளருக்கு மஞ்சள் கிடையாதாம். ஜெகதீசன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாகப் போட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பச்சை அழுத்திவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் திரையையே பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவப்பை அழுத்தினாள். சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கு, மாத்திரையை மறந்துடாதீங்க என்றாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஆட்டோவில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். அவருடைய கடிகாரம், மோதிரம், போன் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு இந்து பக்கத்தில் நின்றாள். உமாராணி ஓடிப்போய் அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"விட்டாராம்மா மாப்பிள்ளை?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. அதைவிடக் கெட்ட நேரமும் இல்லை. அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசிற்று.

"சண்டை போட்டுட்டுதாண்ணே வந்தேன். நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டாரு."

அண்ணன் அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவர் அப்படித்தான், நீ மனசு கஷ்டப்படாதே, நீ வந்தியே அது போதும் என்றார். அவருடைய கன்னம் ஈரமாக இருந்தது. உமாராணிக்குத் தன் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வீட்டிலிருந்து.

'ஜெகதீசன், தங்கதுரையின் எண்ணில் பேச அனுமதி கேட்கிறார்.'

பச்சை. சிவப்பு. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். யாரும்மா போன்ல என்று அண்ணன் கேட்டார். ஒண்ணுமில்லண்ணே, கம்பெனிக்காரங்க என்றாள். வண்டி நகர்ந்தது. திருப்பத்தில் அவர் தலையைத் தூக்கி ஒரு தடவை சிரித்தார். கதவு இரண்டு பக்கமும் வந்து மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. போன் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

பாவம், பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். இனி யார் காதிலும் விழப்போவதில்லை. பச்சையை அழுத்தினாள்.

இந்துவின் கையில் இருந்த அப்பாவின் போன் அடித்தது. அவள் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமா" என்றாள் ஆச்சரியத்தோடு. "இத்தனை வருஷத்துல இந்த நம்பருக்கு அவர் கூப்பிட்டதே இல்லையே அத்தை."

உமாராணி அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். இந்து கவனிக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள்.